பைக்கா, ஸாண்டரா? ஒரே தூண்டில் இரண்டுக்கும் பொருந்தாது

பைக், ஸாண்டர் இரண்டும் மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் நன்னீர் மீன்கள். ஐரோப்பிய ஏரிகளில் பைக் நீர்ச்செடிகளுக்குள் அசையாமல் பதுங்கி, அருகே வரும் மீன்மேல் ஒரே பாய்ச்சலில் விழும். பார்வையை நம்பிய வேட்டை என்பதால் தெளிந்த நீரும் பகலும் அதற்குத் தோது. ஸாண்டரின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மங்கிய ஒளியிலும் அதற்குக் கண் தெரியும் என்பதால், கலங்கல் நீரிலும் அந்தியிலும் இரவிலும் தரையை ஒட்டித் தேடுங்கள்.

பைக்கின் பற்கள் நைலான் நரம்பை அறுத்துவிடும். தூண்டில் முள்ளுக்கு மேல் 45 செ.மீ. எஃகுக் கம்பி கட்டாயம். அறுந்தால் முள்ளை விழுங்கிய மீன் சாகவும் கூடும். ஸாண்டர் நரம்பை அறுப்பது குறைவு, ஆனால் இழுவை தெரிந்தால் இரையைத் துப்பிவிடும். மெல்லிய தூண்டில் சாமானும் விரல் நீள இரையும் போதும். பைக்கும் இருக்கும் நீரானால் இதற்கும் மெல்லிய கம்பி போடுவதே நல்லது.

பலர் கோட்டைவிடுவது ஆழத்தில்தான். மிதக்க உதவும் ஸாண்டரின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு இணைப்பில்லை. 10 மீட்டருக்குக் கீழிருந்து சரசரவென்று இழுத்தால் பை ஊதிப்போய், திரும்ப விட்டாலும் மீன் மூழ்க முடியாமல் மிதக்கும். மீனை விட்டுவிடும் எண்ணமிருந்தால் ஆழத்தில் ஸாண்டர் பிடிக்கவே வேண்டாம். பைக்குக்கு அந்த இணைப்பு உண்டு. காற்றை வாய்வழி வெளியேற்றிக்கொள்ளும்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை, ஸாண்டர்தான்: வெள்ளைச் சதை, முள் குறைவு. ஹங்கேரியின் பாலட்டன் ஏரி ஸாண்டருக்குத் தனி மதிப்பு. பைக்கின் சதைக்குள் கவட்டை முட்கள் வரிசையாக ஓடும். பிரான்ஸின் லியோன் நகர மக்கள் அதை அரைத்துச் சலித்து, கெனெல் என்ற உருண்டையாக வேகவைப்பது வெறும் ருசிக்காக மட்டுமல்ல.