மைக்ரோபிட்: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்கு மைக்ரோபிட் வாங்கிக் கொடுக்கலாமா என்று பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். எங்கள் பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் இதை வைத்துச் சொந்தமாக என்னென்னவோ செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற டீச்சராகச் சொல்கிறேன்.

பிபிசி முன்னின்று உருவாக்கி, 2016-இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுத்த குட்டிக் கணினி இது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்பக்கம் 25 எல்.இ.டி., இரண்டு பட்டன், அப்புறம் வெளிச்சம், வெப்பம், அசைவு எல்லாவற்றையும் அதுவே உணரும். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு, வாங்குவதாக இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் கோடிங் இல்லை. கண்காட்சி என்றாலே அப்பா ராத்திரி உட்கார்ந்து தெர்மாகோலில் எரிமலை செய்வார், பிள்ளை மனப்பாடம் செய்த நாலு வரியை ஒப்பிக்கும், நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும். இதில் அப்படி ஆவதில்லை, ஏனென்றால் கேள்விக்குப் பதிலை அங்கேயே செய்து காட்டலாம்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி செடித் தொட்டியில் இரண்டு ஆணி குத்தி, ஒன்றை 3 வோல்ட் முனையிலும் இன்னொன்றைப் பி0 என்கிற, மின்சாரத்தை அளக்கிற முனையிலும் கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். ஈர மண்ணில் மின்சாரம் சுலபமாகப் பாயும், காய்ந்த மண்ணில் பாயாது. அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் போர்டு படித்துக்கொள்கிறது. மண் காய்ந்தால் அழுமூஞ்சி, ஈரமானால் சிரிப்பு. பார்க்க வந்த ஒருவர், "தண்ணி ரொம்ப அதிகமாயிட்டா எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். "இருங்க சார்" என்றவள் லேப்டாப் திரையில் இன்னொரு பிளாக்கை, அதாவது கட்டம் போல இருக்கிற ஒரு கட்டளையை, இழுத்துப் பொருத்தி, கேபிளை மாட்டிப் போர்டில் ஏற்றினாள், அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றிப் பெருக்கல் குறி வருவதைக் காட்டினாள். விளக்கம் முழுக்க வீட்டில் பேசுகிற தமிழில்தான், எங்கேயும் தடுமாறவில்லை.

அடல் டிங்கரிங் லேப், இன்ஸ்பயர் மானக் என்று பிள்ளைகள் சொந்தமாகக் கண்டுபிடிக்க மத்திய அரசு நடத்துகிற திட்டங்கள் எல்லாமே ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைகளிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை, பொருள்தான் இல்லை. அந்த இடத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு. விலை ஆயிரத்தைத் தாண்டும், ஒரு வகுப்புக்கே வாங்குவது எல்லாப் பள்ளிக்கும் முடியாத காரியம். நாலைந்து பேருக்கு ஒன்று என்று வைத்தால், லேப்டாப்பைத் தொடுகிற பிள்ளையே தொட்டுக்கொண்டிருக்கும், ஆளை மாற்றி மாற்றி உட்கார வைக்க வேண்டும். போர்டுக்கு உறை கிடையாது, ஈரக் கையோடு தொட விடாதீர்கள். 3 வோல்ட் முனையையும் கிரவுண்டையும் (GND என்று எழுதியிருக்கிற முனை) நேரடியாக இணைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மண்ணில் விட்ட ஆணி துருப்பிடிக்கும், அப்போது எண்ணும் மாறும். இது ஏன் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

சென்சார் முப்பது, மோட்டார் பத்து என்று பெரிய பெட்டியாக விற்பதை இந்த வயதுக்கு வாங்காதீர்கள். பெட்டியில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பிள்ளை தேட ஆரம்பித்துவிடும். வீட்டில் எது தொந்தரவாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், பாட்டி மாத்திரை போட மறக்கிறாரா, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று. அதை அட்டையிலும் செல்லோ டேப்பிலும் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். மைக்ரோபிட்டுக்குக் கோடிங் செய்கிற மேக்கோட் என்கிற இணையதளத்தில் போர்டு இல்லாமலேயே திரையில் ஓட்டிப் பார்க்கலாம், காசு கிடையாது. அதில் பிள்ளைக்கு ஆர்வம் நிலைத்தால் போர்டு ஒன்று, இரண்டு ஏஏஏ பேட்டரி போடுகிற டப்பா, கிளிப் வயர் கொஞ்சம், இவ்வளவு வாங்கினால் போதும்.