பிறப்பு ஆதாரம் கேட்டு வரும் ஆர்எஃப்இ: பழைய பத்திரமா, டிஎன்ஏ சோதனையா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளை தன் தாய்க்காக ஐ-130 என்னும் உறவினருக்கான குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்யும்போது, இன்னார் வயிற்றில்தான் பிறந்தேன் என்பதற்குத் தன் பிறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். கொங்கு நாட்டில் எண்பதுகளில் தோட்டத்துச் சாளையிலேயே பிறந்து, யாரும் பதிவு செய்யாமல் விட்டு, வளர்ந்த பிறகு மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்றுப் பதிவு செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய சான்றிதழ் நம் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் செல்லும். ஆனால் அதில் பிறந்த தேதிக்கும் பதிவு செய்த தேதிக்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளி இருப்பதைப் பார்க்கும் அமெரிக்க அதிகாரி, மேலும் ஆதாரம் வேண்டும் என்று கேட்கும் ஆர்எஃப்இ (Request for Evidence) கடிதத்தை அனுப்பிவிடுகிறார். காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரில் 1983இல் பிறந்த அக்காள், எங்கள் அம்மாவுக்காகப் போட்ட மனுவுக்கு இதுதான் நடந்தது. இங்கே இருந்து காகிதங்களைத் திரட்டும் வேலை என்னிடம் வந்தது.

சட்டம் தாமதப் பதிவைப் பொய் என்று சொல்லவில்லை. தாமதமாகப் பதிவான சான்றிதழை மற்ற ஆதாரங்களோடும் சூழ்நிலையோடும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1997இல் புவேனோ வழக்கில் சொன்னது. ஆகவே அதே சான்றிதழைப் புதுப் பிரதி எடுத்து மறுபடி அனுப்புவதால் பயனில்லை. கெடுவும் கண்டிப்பானது. பதில் தர அதிகபட்சம் 12 வாரந்தான், தபாலுக்கென்று சில நாட்கள் சேரும், நீட்டிப்பு கிடையாது. கேட்டவை அனைத்தையும் ஒரே கட்டாக அனுப்ப வேண்டும், ஏனென்றால் பாதியை அனுப்பினால் இருப்பதை வைத்தே முடிவு செய்யுங்கள் என்று நாமே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்நிலையில் நம் முன் இருக்கும் வழிகள் மூன்று. பெரியம்மா, அத்தை போன்றோரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்புவது ஒன்று. அக்காலத்திலேயே எழுதப்பட்ட பழைய ஆவணங்களைத் தேடி எடுப்பது மற்றொன்று. தாய்க்கும் பிள்ளைக்கும் டிஎன்ஏ சோதனை செய்துகொள்வது மூன்றாவது. முதல் வழி எளிது, ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. விதிகளின்படி முதன்மை ஆவணம் இல்லையென்றால் இரண்டாம் நிலை ஆவணம், அதுவும் இல்லையென்றால்தான் நேரில் அறிந்த இருவருடைய பிரமாணப் பத்திரம் என்பது வரிசை. பிரசவத்தின்போது உடனிருந்தவர் தன் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஊர், உறவு, தனக்கு எப்படித் தெரியும் என்பதையெல்லாம் எழுதித் தந்தால் அது துணைக்கு நிற்கும், தனித்து நிற்காது.

நான் சாய்வது இரண்டாவது வழியின் பக்கம். அதற்குக் காரணம், ஒரு காகிதம் என்ன சொல்கிறது என்பதைவிட எப்போது எழுதப்பட்டது என்பதே இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுவதுதான். அமெரிக்காவுக்குப் போவோம் என்று வீட்டில் ஒருவரும் நினைத்தே பார்க்காத நாளில், வேறொரு காரியத்துக்காக, வேறொருவர் எழுதி அரசு முத்திரை பெற்ற காகிதத்துக்கு உள்ள மதிப்பு, இப்போது நோட்டரி முன் எழுதி வாங்கும் எதற்கும் வராது. அதிகாரி கேட்பது சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணமும் அன்று; இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அந்த அளவை எட்ட முப்பது வருடப் பழைய காகிதங்கள் இரண்டு போதுமானவை என்பது என் கணிப்பு.

எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். பழைய பட்டியல்களில் தாயின் பெயர் இருக்காது, ஆகவே கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. பள்ளி மாற்றுச் சான்றிதழும் பெரும்பாலும் தகப்பனார் பெயரோடு நின்றுவிடும். தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அதைவிட மேல். எங்கள் அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், அக்காளைச் சேர்த்தபோது பாதுகாவலர் கலத்தில் அம்மாவின் பெயரையே எழுதியிருந்தார்கள். அதன் நகலைத் தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுத்தார். தடுப்பூசி அட்டையும் பழைய குடும்ப அட்டையும் கிடைத்தால் நல்லது, ஆனால் புது அட்டை வாங்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுத்திருப்போம். ஜாதக நோட்டை நம்மவர்கள் பெரிதாக நினைக்கிறார்கள். அதை வைப்பதில் குற்றமில்லை, அதை எதிர்பார்த்து இருக்கவும் வேண்டாம்.

நம் பகுதியில் தோட்டம் உள்ள குடும்பங்களுக்கு இவை எல்லாவற்றையும் விட வலுவான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கிறது. அது பாகப்பிரிவினைப் பத்திரம். சொத்து பிரியும்போது வயது வராத பிள்ளைக்குப் பங்கு இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதி, மைனருக்காகக் கார்டியனும் தாயாருமான இன்னார் என்று தாயின் பெயரையும் எழுதியிருப்பார்கள். பதிவு எண்ணும் தேதியும் அரசு முத்திரையும் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்து, அந்நாளில் மணமாகாத பெண்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கிடைத்ததால், அதற்குப் பிந்தைய பத்திரங்களில் பெண் பிள்ளைகளின் பெயர் இடம்பெற வாய்ப்பு மிக அதிகம். முந்தைய பத்திரமானால் ஆண் பிள்ளைகளை மட்டும் எழுதி விட்டிருக்கலாம். பத்திர எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, பிறகு சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யலாம். எங்கள் பெரியப்பாவும் அம்மாவும் 1991இல் பிரித்துக்கொண்ட பத்திரத்தில் அக்காளுக்கு வயது எட்டு என்று இருந்தது.

இதில் ஒரு பாடு உண்டு. தமிழ் ஆவணம் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டும். தேவையான பத்தியை மட்டும் தருவது ஏற்கப்படாது. நான்கெல்லை, வண்டித்தடம், கிணற்றில் பங்கு, கரண்டு மோட்டாரில் பங்கு என்று பத்திர எழுத்தர் விடாமல் எழுதிய அத்தனையும் ஆங்கிலத்தில் போயாக வேண்டும். இரு மொழியும் அறிந்த ஒருவர், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, அதைச் செய்யும் தகுதி தனக்கு உண்டு என்று கையொப்பமிட்டால் போதும். நோட்டரி தேவை என்று சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஊர் ஒன்றாக இருக்க மாவட்டம் மாறிக்கொண்டே வந்ததையும் ஒரு குறிப்பாக எழுதி இணைப்பது அவசியம். காங்கேயம் முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979இல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது. பிறகு அம்மாவட்டமே ஈரோடு என்று பெயர் மாறியது. 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஒரே பெண்ணின் காகிதங்களில் மூன்று மாவட்டங்களைப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரி மூன்று ஊர்கள் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

டிஎன்ஏ சோதனையை நாங்கள் செய்யவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர் குடும்பம் செய்துகொண்டதிலிருந்து அறிந்ததையே சொல்கிறேன். சோதனைக்கு உட்படுவது கட்டாயமன்று, மனுதாரரின் விருப்பம். ஏஏபிபி (AABB) என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும்; தாயின் மாதிரியை இங்கே தூதரக ஏற்பாட்டில்தான் எடுப்பார்கள்; மாதிரிப் பெட்டி ஆய்வகத்துக்கும் தூதரகத்துக்கும் இடையே நேராகப் போய்வரும், நம் கையில் தரமாட்டார்கள். முடிவு 99.5 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தால் தாய்மை பற்றிய கேள்வி அதோடு தீர்ந்துவிடும் என்பது அதன் பெரும் பலம். செலவு நம்முடையது. இரண்டு நாட்டிலும் நேரம் குறிக்க வேண்டியிருப்பதால், கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது தேதி நம் கையில் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. பிறந்த தேதியையோ பெயர் வேறுபாட்டையோ அது தீர்க்காது. தகப்பனுக்காகப் போடும் மனுவானால் பெற்றோரின் திருமண ஆதாரத்தையும் தனியே காட்ட வேண்டியிருக்கும்.

இருந்தாலும் நிலமும் பத்திரமும் இல்லாத குடும்பம், பள்ளிப் பதிவேடு கறையானுக்குப் போன ஊர், தாயின் பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பவர்கள், இவர்களுக்கு டிஎன்ஏதான் நேரான வழி. அப்படியென்றால் ஆர்எஃப்இ வந்த வாரத்திலேயே ஆய்வகத்தை அழைத்துவிட வேண்டும். பழைய காகிதம் கிடைக்குமா என்று பாதிக் கெடுவைத் தேடலில் கழித்துவிட்டு அதற்குப் போனால் முடிவு வந்து சேர நேரமிருக்காது.