எண்ணெய்த் தாச்சியில் தீ: மூடியா, ஈரச்சாக்கா, தீயணைப்புக் கருவியா?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பல சமையலறைகள் இரண்டு பேர் சேர்ந்து நிற்கவும் இடம் போதாதவை. அடுப்பில் தாச்சி, அதன் கீழே காஸ் சிலிண்டர், தலைக்கு மேலே மர அலுமாரி. அங்கே எண்ணெய் பற்றிக்கொண்டால் எதை எடுப்பது என்று யோசிக்க அவகாசம் கிடைக்காது. தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் ஊற்றும் முன்பே அதை முடிவு செய்து வைக்க வேண்டும்.

என் தேர்வு மூடிதான். காற்றை மறித்தால் சுடர் அடங்கிவிடும். ஆனால் தானாகவே பற்றிக்கொண்ட சமையல் எண்ணெய் ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். சுடர் அடங்கியதும் அந்தச் சூடு இறங்கிவிடாது. ‘அணைந்துவிட்டதா?’ என்று மூடியைத் தூக்கிப் பார்த்தால் மறுபடி பற்றும். நன்றாக ஆறும்வரை தொடவே கூடாது. மூடுவதிலும் ஒரு முறை உண்டு: மேலிருந்து போடாமல், மூடியைக் கேடயம்போல் முன்னே பிடித்து, நம் பக்கத்து விளிம்பிலிருந்து அப்பால் தள்ளி மூட வேண்டும். சுடருக்கு மேலாகக் கை நீட்டாமல் எட்டுமானால் அடுப்பையும் அணைத்துவிடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தாச்சிக்கென்று மூடி வாங்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. அதன் வாயைவிட அகலமான தட்டையான அலுமினியத் தட்டு போதும். கண்ணாடி மூடி சூட்டில் உடையலாம்.

ஈரச்சாக்கை நான் ஏற்கவில்லை. அதிலிருந்து சொட்டும் நீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் சுமார் 1,700 மடங்கு பருமனுள்ள நீராவியாகி, எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வாரி இறைக்கும். குவளைத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். போர்வையால்தான் மூட வேண்டுமென்றால், கண்ணாடியிழையில் செய்த தீப்போர்வையை உலர்ந்தபடியே, அதன் விளிம்பை மடித்துக் கைகளை மறைத்துக்கொண்டு போடலாம்.

தொடர்மாடி நடைவழிகளில் தொங்கும் சிவப்புக் கருவியை நம்பியிருப்பவர்கள் அதன் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உலர்தூள் சுடரை அடித்து வீழ்த்தும், எண்ணெயைக் குளிரவைக்காது. கிட்ட நின்று அழுத்தினால் அந்த வேகத்திலேயே எண்ணெய் சிதறும். கரியமில வாயுக் கருவிக்கும் இதே குறை. சமையல் எண்ணெய்க்கென்றே வந்தது பொற்றாசிய உப்புக் கரைசல் நிரப்பிய ஈர இரசாயனக் கருவி. அது எண்ணெயோடு சேர்ந்து மேலே சவர்க்காரப் படலம் கட்டும், சூட்டையும் இறக்கும். ரோல்ஸ், கட்லட் பொரித்து விற்பவர்கள் இதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

அப்பச்சோடா சிறு சுடருக்கு உதவும், அதுவும் கை நிறைய வேண்டும். அவசரத்தில் கோதுமை மாவை அள்ளிவிடாதீர்கள், அதுவே பற்றி எரியும்.

தீ அலுமாரியைத் தொட்டுவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் வேலையில்லை. எல்லோரையும் வெளியேற்றி, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, லிப்டைத் தவிர்த்துப் படியால் இறங்குங்கள். தீயணைப்புப் படைக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. சுட்ட கையை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம்.