செந்தூலா, பிரிக்ஃபீல்ட்ஸா?
கோலாலம்பூரில் வீடு வாங்க எந்த வட்டாரம் நல்லது? இரண்டும் ரயில்வே ஊழியர்களால் வளர்ந்தவை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்பவை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் விலை. அறை எடுத்துத் தங்கும் இளம் பணியாளர்கள் அதிகம் என்பதால், வாடகைக்கு விட வாங்குபவர்களுக்கு இது பொருந்தும்.

பிள்ளைகுட்டியோடு குடியிருக்க என்றால் செந்தூல்தான். எல்ஆர்டி, கொமுட்டர், எம்ஆர்டி என மூன்று ரயில் சேவைகளும் உண்டு. அதே பணத்துக்குப் பெரும்பாலும் கொஞ்சம் பெரிய வீடே கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். 4 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் கிடைத்தாலும் கையிலிருந்து 40,000 வேண்டும். பெயர் மாற்ற முத்திரை வரி 7,000, கடன் பத்திரத்துக்கு 1,800. முதல் வீடு என்றால் வரிவிலக்கு உண்டா என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். 35 ஆண்டு, 4 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 1,595. பராமரிப்புக் கட்டணமும், கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்காகச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டும் தனி. பலர் திணறுவது இங்கேதான்.

பழைய பிளாட்டில் மேல்மாடி என்றால் மழை பெய்த மறுநாள் போய்க் கூரையின் மூலைகளில் ஈரக்கறை பாருங்கள். லீஸ்ஹோல்டு, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமையுள்ள குத்தகை நிலம் என்றால், மீதி ஆண்டுகளைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் வங்கி கடனைக் குறைக்கும், பெயர் மாற்ற ஒப்புதலுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.