கடலா, ஆளா? திருகோணமலையில் ஒருவர் காணாமல் போனால்

கரையில் செருப்பு மட்டும் கிடந்தால் எங்கள் ஊரில் முதலில் வரும் பேச்சு, "கடல் இழுத்திட்டுது." அது வெறும் ஊகமும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு உப்புவெளி, நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும். கோணேசர் கோயில் பாறையில் கால் வழுக்கினால் கீழே கடல்தான்.

மூழ்கிய உடல், வெதுவெதுப்பான நீரில் பெரும்பாலும் சில நாட்களில் வாயு நிறைந்து மேலே வரும். ஆனால் கடலில் உடல் கிடைத்ததாலேயே அது விபத்து ஆகிவிடாது. உயிரோடு விழுந்தாரா, இறந்த பின் போடப்பட்டாரா? கழுத்துக் காயம், நாவடி எலும்பு (கழுத்தை நெரித்தால் முறியக்கூடிய தொண்டை எலும்பு) முறிவு, நுரையீரலின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். உடல் அழுகிவிட்டால் அதுவும் கடினம்.

குற்றமென்றால் தடயம் பெரும்பாலும் கரையில் இருக்கும்: போன் கடைசியாக இணைந்த சிக்னல் கோபுரம், பிறகு பயன்பட்ட வங்கி அட்டை, கடைக் கமரா. கமராப் பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடக்கூடும். அதனால்தான் கடலில் தேடும் அதே நாளில் குற்ற விசாரணையும் தொடங்க வேண்டும் என்கிறேன். பிறகு விபத்தென்று தெரிந்தால் விசாரணையை மூடிவிடலாம். அழிந்த பதிவைத் திருப்பி எடுக்க முடியாது.

பிள்ளைகளைத் தேடும் இங்குள்ள தாய்மார் "விபத்து" என்றதும் நம்பாததற்குக் காரணம் உண்டு. 2015 நவம்பரில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள், ஆட்களை அடைத்து வைத்திருந்த இரகசியத் தடுப்பிடத்தைப் பார்த்தது.