இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுக்கு அசூஸ் பிரைம் எக்ஸ்470-புரோ

மதர்போர்டில் கிராஃபிக்ஸ் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கின்றன என்று கடைக்காரர் காட்டினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எம்எஸ்ஐ பி450 டோமஹாக் போர்டிலும் இரண்டு உண்டு. ஆனால் இரண்டாவது, பிராசஸரிலிருந்து நேராக வராமல் சிப்செட் என்ற துணைச் சிப் வழியாக வரும் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 2.0 இணைப்பு, அதுவும் 4 லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே. பெயருக்குத்தான் பெரிய ஸ்லாட்.

விலை குறைவு என்பதற்காக நான் செகண்ட்ஹேண்டில் எடுத்தது அசூஸ் பிரைம் எக்ஸ்470-புரோ. 2018இல் வந்த பழைய போர்டுதான். ஆனால் ரைசன் பிராசஸரின் 16 லேன்களை முதல் இரண்டு ஸ்லாட்டுகளுக்கும் எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. புதிய போர்டுகளில் இந்த வசதிக்குக் கேட்கும் விலை பகல் கொள்ளை.

12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டைப் பொருத்தி, மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போன்ற ஏஐ) வீட்டிலேயே ஓட்டுகிறேன். இரண்டு கார்டுகளையும் இணைத்து ஒரே விளையாட்டை ஓட்டவைக்கும் எஸ்எல்ஐ வசதி அந்தக் கார்டில் கிடையாது. இந்த வேலைக்குத் தேவையும் இல்லை. மாதிரியின் அடுக்குகளை மென்பொருளே இரண்டு கார்டுகளுக்கும் பங்கிட்டுவிடுகிறது. விளையாட்டுக்காக இரண்டாவது கார்டு வாங்குவதென்றால், அந்தப் பணத்தில் நல்லதாக ஒன்றே வாங்குங்கள்.

குறை சூடுதான். கீழ்க் கார்டின் வெப்பக் காற்றை மேல் கார்டின் விசிறி இழுக்கிறது. கேபினட்டின் பக்கவாட்டில் கை வைத்தாலே தெரியும். ஒரு கார்டுக்கு 170 வாட் என்பதால் பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. ரைசன் 5000 வரிசை பிராசஸர் போடுபவர்கள், அதை ஏற்கும்படி போர்டின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திரையில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.