புதன் அதிகாலை ஒரு மணியும் எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கும்

2013இல் மட்டக்களப்பு டவுனில் வாங்கிய டெஸ்க்டொப். வின்டோஸ் 7, 4 ஜிபி ரெம், நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மகளின் ஏ.எல். படிப்பு, என்னுடைய வினாத்தாள்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. பத்து வருடம் அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்டியதில் டிஃப்ராக், அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் வின்டோஸ் வேலை, பற்றிக் கொஞ்சம் படித்துக்கொண்டேன். பாதி, பிழை விட்டுப் படித்தது.

முதல் இரண்டு வருடம் பிரச்சினை இல்லை. பிறகு வேர்ட் திறக்க அரை நிமிடம் எடுத்தது. டிஃப்ராக் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாக ஓடிய திகதி இருக்கவேண்டிய இடத்தில் 'ஒருபோதும் ஓடவில்லை' என்று இருந்தது. வின்டோஸ் 7 அதைத் தானாகவே கிழமைக்கு ஒருமுறை, புதன்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு ஓட்டும். கல்லடியில் எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்குக் கொம்பியூட்டர் ப்ளக்கோடு கழற்றப்பட்டிருக்கும். மாரியில் இடி மின்னலுக்குப் பயந்து தொடங்கிய பழக்கம், கோடையிலும் விடவில்லை. தவறிய வேலையை, மெஷின் சும்மா இருக்கும் நேரம் பார்த்து வின்டோஸ் செய்யத்தான் பார்க்கும். எங்கள் வீட்டில் அது சும்மா இருந்தால்தானே! வேலை முடிந்த கையோடு நிப்பாட்டிவிடுவோம். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு நேரத்தை மாற்றி, மெஷினைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தேன். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக ஓடியது.

ஓடும்போது இன்னொரு குழப்பம். 'பாஸ் 1' (முதல் சுற்று) 90 சதவீதத்துக்கு வந்துவிட்டு, 'பாஸ் 2' என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பிறகு 3, 4 என்று போகும். இறுகிவிட்டது என்று நினைத்து ஆரம்பத்தில் நானே இரண்டு தரம் நிறுத்தியிருக்கிறேன். அது இறுகல் அல்ல, அதன் வழக்கமே அப்படித்தான். இலக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் கை வைக்காதீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். அறுத்த நெல்லை இடம் கிடைத்த பத்து வீட்டில் மூட்டை மூட்டையாகப் போட்டால், ஏற்றும் நாளில் லொறி பத்துப் படலைக்கும் போகவேண்டும். துண்டுபட்ட ஃபைலும் அப்படி. 7200 சுற்று டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். தட்டை வாசிக்கும் ஊசி நகரும் நேரமும், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருப்பதும் சேர்த்து ஒரு துண்டுக்குச் சுமார் 12 மில்லிசெக்கன் போகும். ஆயிரம் துண்டு என்றால் சும்மா தேடுவதற்கே 12 செக்கன்.

மூட்டைகளை ஒழுங்குபடுத்த வெறும் தரையும் வேண்டும். 2016இல் டிஃப்ராக் முடிந்தும் துண்டுகள் குறையாததற்குக் காரணம் இதுதான். 100 ஜிபி சி டிரைவில் வெறும் 6 ஜிபிதான் மிச்சம். பழைய எக்ஸ்பி காலத்தில் 15 சதவீதம் காலியாக இருக்கவேண்டும் என்பார்கள், நான் இன்றும் அதையே பிடித்துக்கொள்கிறேன். கல்யாண வீடியோக்களை டி டிரைவுக்குத் தள்ளினேன். ரெம்மில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதிவிட்டு மெஷினை நிப்பாட்டும் ஹைபர்னேட் வசதியை நாங்கள் பாவிப்பதே இல்லை, அதை நிறுத்தியதில் 3 ஜிபி கிடைத்தது. அந்த ஹைபர்னேட் ஃபைலையும், ரெம் போதாதபோது வின்டோஸ் பாவிக்கும் பேஜ் ஃபைலையும் டிஃப்ராக் அசைக்காது என்பதால், நடுவில் கல்லுப்போலக் கிடந்தவற்றில் ஒன்று ஒழிந்தது இரட்டை லாபம்.

2022இல் வேறு கதை. நாட்டில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன வருடம். யூபிஎஸ் இருந்தது, பற்றரி செத்திருந்தது. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்ப் போய், ஒருநாள் டிஃப்ராக் ஓட மறுத்தது. முதலில் செக் டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடும் வின்டோஸ் கட்டளை) செய்யச் சொல்லி ஒரு அறிவித்தல். பிழையைத் திருத்தவும் சொல்லும் ஸ்லாஷ் எஃப் (/f) போட்டு செக் டிஸ்க் கொடுத்து மெஷினை மறுபடி தொடக்கினேன். இருபது நிமிடத்தில் பிழைகளைத் திருத்திக்கொண்டு வந்தது. இப்படி மறுப்பு வந்தால் கோபப்படாதீர்கள், அது செய்வது சரி.

என் பெரிய பிழை 2023இல். டிஃப்ராக் ஒவ்வொரு தரமும் 37 சதவீதத்தில் நின்றது. உள்ளே டிக் டிக் என்று சத்தம். 'இன்னொருக்கா ஓட்டினால் சரிவரும்' என்று மூன்று ஞாயிறு அதையே செய்தேன். நாலாம் ஞாயிறு அக்காவின் மகன் வந்திருந்தான். சத்தத்தைக் கேட்டதும், "மாமா, இதை உடனே நிப்பாட்டுங்க. முதல்ல படங்களைக் கொப்பி பண்ணுங்க," என்றான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்களின்) எண்ணிக்கை பூச்சியத்தில் இருக்கவேண்டியது, அங்கே இருக்கவில்லை. டிஃப்ராக் டிஸ்க்கில் கிடப்பதை வாசித்து வாசித்து வேறிடத்தில் எழுதும் வேலை. சாகக் கிடக்கிற டிஸ்க்கை மூன்று கிழமை மலையேற்றியிருக்கிறேன். கொப்பி எடுத்ததில் பெரும்பகுதி வந்தது. மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் இருந்த ஃபோல்டரில் அரைவாசி திறக்கவில்லை. மனைவி இன்னும் அதைப் பற்றிக் கதைக்கும்போது என்னைப் பார்ப்பதில்லை.

ஆகவே இப்போது என் ஒழுங்கு தலைகீழ். ஒரே இடத்தில் நிற்கிறதா, சத்தம் வருகிறதா? முதலில் கொப்பி, பிறகு டிஸ்க்கின் உடல்நிலை, அதற்குப் பிறகு செக் டிஸ்க். டிஃப்ராக் கடைசி.

இப்போது அதே மெஷினில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, வின்டோஸ் 10. அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. துண்டுகளைச் சேர்த்து வேகம் கூடப்போவதில்லை, வீணாக எழுதுவதுதான் மிச்சம். வின்டோஸின் 'ஒப்டிமைஸ்' பக்கம் (பழைய டிஃப்ராக் பக்கம்தான்) அதை எஸ்எஸ்டி என்று அறிந்து பெரும்பாலும் டிரிம், அதாவது அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது, தான் செய்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். கடையில் ஒரு தம்பி "ஸ்பீட் பண்ணித் தாறன் சேர்" என்று வேறு டிஃப்ராக் மென்பொருள் போட வெளிக்கிட்டார். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன்.

கொப்பிகள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்தான் வீட்டில் மிச்சமிருக்கும் சுற்றுகிற டிஸ்க். வருடத்துக்கு ஒருமுறை சித்திரை லீவில் அதை ஆராயச் சொல்லிப் பார்ப்பேன். துண்டுபட்டது 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கேபிளைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவேன்.